தடையாணையா, கைத்தாங்கலா? சமூக விரோத நடத்தையும் பிரிட்டனின் பட்டறிவும்

பிரிட்டிஷ் சட்டம் 'சமூக விரோத நடத்தை' என்று சொல்வது கொலையையோ கொள்ளையையோ அல்ல. நள்ளிரவைத் தாண்டியும் சுவரதிரப் பாட்டு வைப்பது, பொது மாடிப்படியில் சிறுநீர் கழிப்பது, பக்கத்து வீட்டு ஜன்னலில் கல்லெறிவது, பேருந்து நிறுத்தத்தில் குடித்துவிட்டுப் போவோர் வருவோரை வம்புக்கிழுப்பது, கடைக்காரரை நாள்தோறும் வாய்க்கு வந்தபடி ஏசுவது என்று அந்தப் பட்டியல் நீளும். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அற்பம். காவல் நிலையத்தில் போய்ச் சொன்னால் 'இதற்கெல்லாமா வந்தீர்கள்?' என்று கேட்கத் தோன்றும். அதே காரியம் ஒரே வீட்டு வாசலில் வாரத்துக்கு நான்கு நாள், மூன்று வருடம் நடந்தால் அந்த வீட்டுக்காரர் முதலில் தூக்கத்தை இழப்பார், பிறகு உடம்பை, கடைசியில் வீட்டையே விட்டுப் போவார். தமிழ் நாளிதழ்களில் 'சமூக விரோதிகள்' என்ற சொல் பெரும்பாலும் ஆள் யாரென்று தெரியாதபோது கைகொடுப்பது. பள்ளி வளாகத்தில் இரவில் பாட்டில் உடைத்தவர்களும் அவர்களே, வைக்கோல் போருக்குத் தீ வைத்தவர்களும் அவர்களே. பிரிட்டனில் அது முகவரி தெரிந்த ஆளின் மேல் சட்டம் ஒட்டிய பெயர்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 1998-ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டம் இதற்கு ஓர் இலக்கணம் தந்தது. ஒருவர் தன் வீட்டைச் சேராத இன்னொருவருக்குத் தொல்லையோ கலக்கமோ மனவேதனையோ விளைவித்தால், அல்லது விளைவிக்கக்கூடிய விதத்தில் நடந்தால், அது சமூக விரோத நடத்தை. இங்கே செயல் என்ன என்பதைச் சட்டம் சொல்லவில்லை. எதிராளிக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறது. பின்னால் எழுந்த சிக்கல்களில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் முளைத்தவை. 2003 செப்டம்பர் 10 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய புகார்கள் அனைத்தையும் ஒரே நாளில் எண்ணிப் பார்த்தார்கள். 24 மணி நேரத்தில் 66,000-க்கும் மேல் வந்தன. அரசு அமைப்புகளுக்கு இதனால் ஆகும் செலவு ஆண்டுக்கு 340 கோடி பவுண்டு என்று அதை வைத்துக் கணக்கிட்டார்கள்.

இப்படி நடப்பவர்களைத் தண்டிப்பதா, கைதூக்கிவிடுவதா என்ற கேள்வி எந்த ஊருக்கும் புதிதல்ல. பிரிட்டனைத் தனியே எடுத்துப் பார்க்கக் காரணம், அந்த நாடு இரண்டு வழியையும் பெரும் பணம் செலவிட்டு, சில ஆண்டுகள் முன்பின்னாக, பதிவேடுகளோடு முயன்று பார்த்தது என்பதுதான்.

தடையாணை வந்த வழி

1980-க்குப் பிறகு பிரிட்டனின் நகராட்சிக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தவர்கள் தங்கள் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றானது. நல்ல வீடுகளை வசதிப்பட்டவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சிய குடியிருப்புகளில் வேலை இழந்தவர், நோயாளி, தனித்து விடப்பட்ட தாய் என்று வேறு போக்கிடம் இல்லாதவர்கள் சேர்ந்தார்கள். அதே ஆண்டுகளில் சுரங்கமும் எஃகு ஆலையும் மூடப்பட்டன. அந்தக் குடியிருப்புகளில் ஒரு சில குடும்பங்கள் தெருவையே நடுங்க வைத்தன. சாட்சி சொல்ல யாரும் முன்வரவில்லை. சொன்னவரின் ஜன்னல் மறுநாள் உடைந்தது. தொழிற்கட்சி உறுப்பினர்களிடம் தொகுதி மக்கள் கொண்டுவந்த முறையீடுகளில் இது முன்னணியில் நின்றது. 1995-இல் அந்தக் கட்சி 'அமைதியான வாழ்வு' என்ற பொருள்பட ஓர் ஆவணத்தை வெளியிட்டபோது தடையாணை என்ற யோசனை அதில் இருந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, நிழல் உள்துறை அமைச்சராக இருந்த டோனி பிளேர், குற்றத்திடமும் கண்டிப்பு, குற்றத்தின் காரணங்களிடமும் கண்டிப்பு என்ற முழக்கத்தைப் பிரபலமாக்கியிருந்தார். முழக்கத்தின் முதல் பாதியைச் சட்டமாக்குவது எளிதாக இருந்தது.

அறிவுலகத்திலிருந்தும் ஒரு துணை கிடைத்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் க்யூ. வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982-இல் எழுதிய 'உடைந்த ஜன்னல்கள்' கட்டுரை, சிறு ஒழுங்கீனத்தைக் கவனிக்காமல் விட்டால் அந்த இடம் கேட்பாரற்றது என்ற செய்தி பரவிப் பெருங்குற்றம் வந்து சேரும் என்று வாதிட்டது. அதைச் சோதித்த ஆய்வுகள் கலவையான விடைகளையே தந்தன. ஆனால் உடைந்த ஜன்னல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற உவமை ஆயிற்றே, அரசியல்வாதிகள் பிடித்துக்கொண்டார்கள்.

தடையாணையின் மூதாதை இன்னும் பழையவர். ஒருவர் குற்றம் செய்யாவிட்டாலும், அமைதியைக் குலைக்கக்கூடியவர் என்று தோன்றினால் நன்னடத்தைக்குப் பிணை வாங்கலாம் என்ற அதிகாரத்தை இங்கிலாந்தின் 1361-ஆம் ஆண்டுச் சட்டம் நடுவர்களுக்குக் கொடுத்தது. காலனி ஆட்சி அந்த யோசனையை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107 முதல் 110 வரையான பிரிவுகள் அதன் வாரிசுகள். 2024 ஜூலை முதல் அவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126 முதல் 129 வரை எண் மாறியிருக்கின்றன. 'நூத்திப்பத்துல பாண்டு எழுதி வாங்கிட்டாங்க' என்று தமிழகத்தில் சொல்லப்படுவது இந்தக் குடும்பத்தின் கிளைதான். காவல் துணை ஆணையர்களே நிர்வாக நடுவர்களாக இருந்து அந்தப் பிணையைக் கையாளலாம் என்ற தமிழக அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாதவை என்றது.

ஆஸ்போ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பிரிட்டனின் தடையாணை 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் கட்டமைப்பில் ஒரு தந்திரம் இருந்தது. ஆணை கேட்பது உரிமையியல் வழக்கு. ஆகவே அஞ்சி நடுங்கும் அண்டை வீட்டார் கூண்டேற வேண்டியதில்லை. அவர் சொன்னதாகக் காவலரோ நகராட்சி ஊழியரோ வந்து சொன்னால் போதும். ஆனால் பிறப்பித்த ஆணையை மீறுவது குற்றவியல் குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. பத்து வயது நிரம்பிய எவர் மீதும் ஆணை பிறப்பிக்கலாம், குறைந்தது இரண்டு ஆண்டுக்கு. 2002-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், வழக்கு உரிமையியல்தான் என்றாலும் நிரூபணம் குற்றவியல் வழக்கின் அளவுக்கு இருக்க வேண்டும் என்று ஒரு கடிவாளம் போட்டார்கள். ஆணையில் என்ன நிபந்தனை வைக்கலாம் என்பதற்கு அப்படி ஒரு கடிவாளம் அமையவில்லை.

அதன் விளைவுகளில் சில சிரிப்பை வரவழைப்பவை, சில இல்லை. அண்டை வீட்டாரிடம் குத்தலாகப் பேசக் கூடாது என்று 87 வயது முதியவர் ஒருவர் தடுக்கப்பட்டார். பலமுறை தற்கொலைக்கு முயன்ற பெண் ஒருவர் ஆற்றிலும் கால்வாயிலும் குதிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டார். மனநோய்க்கு மருத்துவமனை தேடித் தர வேண்டிய அரசு, மீறினால் சிறை என்று ஒரு தாளை நீட்டியது. பிச்சை எடுப்பதற்குச் சிறைத்தண்டனை கிடையாது என்று 1982-இலேயே நாடாளுமன்றம் முடிவு செய்திருந்தது. தடையாணையில் பிச்சை எடுக்காதே என்று எழுதி, மீறினார் என்று சிறையில் அடைக்கும் பின்வாசல் இப்போது திறந்தது. 2005-இல் ஐரோப்பிய அவையின் மனித உரிமை ஆணையர் ஆல்வாரோ கில்-ரோப்லெஸ் பிரிட்டனுக்கு ஆஸ்போ பித்துப் பிடித்திருக்கிறது என்று தம் அறிக்கையில் சாடினார்.

கணக்கு சொன்னது

ஆஸ்போ 2005-இல் உச்சம் தொட்டது. அந்த ஓராண்டில் மட்டும் 4,100-க்கும் மேற்பட்ட ஆணைகள். 2000-இன் நடுவிலிருந்து 2013 இறுதி வரை மொத்தம் 24,427. அவற்றுள் மூன்றில் ஒன்றுக்கு மேல் 18 வயது நிரம்பாதவர்கள் மீது. ஆணை பெற்றவர்களில் 58 விழுக்காட்டினர் ஒருமுறையாவது மீறினார்கள்; சிறுவர்களில் அது மூன்றில் இரண்டு பங்கு. ஒரு மருந்து பத்தில் ஆறு பேருக்குப் பலிக்கவில்லை என்பது தோல்விதான். ஆனால் மீறல் ஒன்று நடந்தது என்பதால் பழைய கொடுமை முழுவதும் தொடர்ந்தது என்று ஆகிவிடாது. வாரம் நான்கு முறை வந்தவன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தாலும் கணக்கில் அவன் மீறியவனே. இந்த வேறுபாட்டை ஆஸ்போவின் எதிர்ப்பாளர்கள் அதிகம் பேசியதில்லை.

இளையோர் இந்த ஆணையை வீரப்பதக்கமாக அணிந்து திரிந்தார்கள் என்ற பேச்சும் அப்போது பரவலாக இருந்தது. இளையோர் நீதி வாரியம் 2006-இல் வெளியிட்ட ஆய்வு வந்தபோது பத்திரிகைகள் அந்தச் சொல்லையே தலைப்பாக்கின. ஆய்வில் அப்படிக் கருதியவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் பணியாளர்களும். சிறுவர்கள் பலருக்கு எந்தத் தெருவுக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்பதே விளங்கியிருக்கவில்லை.

தேசியத் தணிக்கை அலுவலகம் அதே 2006-இல் செய்த ஆய்வுதான் இந்த வரலாற்றில் மிகவும் பயன்தரும் தாள். ஆனால் குறைவாகவே பேசப்பட்டது. 893 பேரின் கோப்புகளை எடுத்து, யாருக்கு முதலில் என்ன செய்தார்கள், பிறகு என்ன நடந்தது என்று பார்த்தார்கள். முதல் நடவடிக்கைக்குப் பிறகே 65 விழுக்காட்டினர் மேல் புகார் எதுவும் வராமல் அடங்கிவிட்டார்கள். அந்த முதல் நடவடிக்கை பெரும்பாலும் என்ன? ஓர் எச்சரிக்கைக் கடிதம். மூன்று நடவடிக்கைகளுக்குள் 93 விழுக்காட்டினர் நின்றுவிட்டார்கள். மறுபக்கம், ஐந்தில் ஒரு பங்கு ஆட்களே மொத்த நடவடிக்கைகளில் பாதிக்கு மேல் விழுங்கினார்கள். ஒரே பெயரின் கீழ் இரண்டு கூட்டம் இருந்திருக்கிறது. தபால்தலைக்கு ஆகும் செலவில் திருந்தக்கூடிய பெருங்கூட்டம் ஒன்று. ஐந்தாண்டுச் சிறையைக் காட்டினாலும் அசையாத சிறுகூட்டம் மற்றொன்று. முதல் கூட்டத்துக்குத் தடையாணை மிகை, இரண்டாவதற்கு அது போதாது.

இந்தப் பிரிவை உளவியல் முன்பே கண்டிருந்தது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வை வைத்து, டெரி மாஃபிட் 1993-இல் ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். பதின்பருவத்தில் மட்டும் அடங்காமல் திரிந்து இருபதுகளில் தாமாகவே ஓய்ந்துவிடுபவர்கள் பலர். மழலையர் பள்ளியிலேயே கடிப்பதும் அடிப்பதுமாகத் தொடங்கி, பேச்சு வராமை, கவனக் குறைவு, வீட்டு வன்முறை என்று சுமை கூடிக்கொண்டே போய் நடுவயது வரை தொடர்பவர்கள் சிலர். பதினைந்து வயதில் ஒரே சுவரில் சேர்ந்து கிறுக்கும்போது இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாமல் முதல் வகையினரை நீதிமன்றத்துக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் விடை உண்டு. சிறுவரை வழக்கில் நிறுத்துவதையும் விலக்கி விடுவதையும் ஒப்பிட்ட 29 சோதனைகளை ஆன்டனி பெட்ரோசினோவும் சகாக்களும் 2010-இல் தொகுத்தார்கள். வழக்கில் நிறுத்தியது குற்றத்தைக் குறைக்கவில்லை. சராசரியில் சற்றே கூட்டியது.

அச்சுறுத்தலுக்கும் இதே கதி. நியூஜெர்சியின் ராவே சிறையில் 1970-களில், வம்புக்காரச் சிறுவர்களை ஆயுள் கைதிகளின் முன் நிறுத்தி மிரளவைக்கும் திட்டம் நடந்தது. அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கார் விருது பெற்றது. ஊர் ஊராகப் பின்பற்றினார்கள். குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஆராய்ந்த ஒன்பது சோதனைகளைப் பின்னர் தொகுத்தபோது, சிறைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களே சும்மா விடப்பட்டவர்களைவிட அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவது நிச்சயம் என்ற எண்ணமே மனிதரைத் தடுக்கிறது என்பதில் இன்று ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எச்சரிக்கைக் கடிதம் பலித்ததன் இரகசியமும் அதில்தான் இருக்க வேண்டும். 'உன் பெயர் எங்களுக்குத் தெரியும்' என்பதே அந்தக் கடிதத்தின் உள்ளடக்கம்.

வாசலுக்குப் பின்னால் இருந்தவர்

உதவி வேண்டும் என்று வாதிடுவோரின் எழுத்துகளில் பாதிக்கப்பட்டவர் அநேகமாக வருவதே இல்லை. 2007 அக்டோபரில் லெஸ்டர்ஷயரில் ஒரு தாய், ஊனமுற்ற தம் பதின்பருவ மகளைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு தீ வைத்தார்; இருவரும் மாண்டார்கள். பத்தாண்டுகளாக அந்தத் தெருவின் சிறுவர் கூட்டம் அவர்கள் வீட்டின் மேல் கல்லும் முட்டையும் எறிந்து, பிள்ளைகளின் ஊனத்தைச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தது. காவல்துறையோடு 33 முறை தொடர்பு நடந்திருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு சம்பவமாகப் பதிவாகி மூடப்பட்டது. முப்பத்து மூன்றையும் சேர்த்து யாரும் படிக்கவில்லை. இந்தக் குடும்பத்தின் முன்னால் தண்டனையா உதவியா என்று கேட்பதே பொருந்தாது. அந்தச் சிறுவர்களுக்குச் சிறையும் கிடைக்கவில்லை, ஆலோசகரும் கிடைக்கவில்லை. யாரும் எதுவும் செய்யவில்லை என்பதே நடந்தது. 2014-இல் வந்த புதிய சட்டம், ஒருவர் திரும்பத் திரும்பப் புகார் செய்தும் பலனில்லை என்றால் எல்லா அமைப்புகளும் கூடி அந்தக் கோப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்தது.

கைத்தாங்கல்

உதவியின் பக்கத்து முன்னோடி ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம். 1990-களின் நடுவில் அங்கே நகராட்சியும் ஒரு குழந்தை நல அமைப்பும் சேர்ந்து, அக்கம்பக்கத்தார் புகாரால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலையிலிருந்த குடும்பங்களுக்காக ஒரு திட்டம் தொடங்கின. மிக மோசமான நிலையில் இருந்த சில குடும்பங்கள் ஒரே கட்டடத்தில், பணியாளர்களின் கண்பார்வையில் குடிவைக்கப்பட்டன. மற்றவர்களுக்கு அவரவர் வீட்டுக்கே ஆள் போனது. காலையில் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது எப்படி, வாடகை பாக்கியைத் தவணையில் எப்படிக் கட்டுவது, குடியை யாரிடம் காட்டி நிறுத்துவது, கோபம் வந்தால் பிள்ளை மேல் கை ஓங்காமல் என்ன செய்வது என்று சமையலறை வரை வந்து நின்ற உதவி அது. பத்திரிகைகள் அதைப் 'பாவிகளின் தொட்டி' என்று இகழ்ந்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் தந்த மதிப்பீடு, பெரும்பாலான குடும்பங்கள் தேறியதையும், வெளியேற்றியிருந்தால் பிள்ளைகளை அரசு விடுதியில் வைக்க ஆகியிருக்கும் செலவு மிஞ்சியதையும் காட்டியது.

லண்டன் அரசு அதைக் கண்டுகொண்டது. 2006 ஜனவரியில் வெளியான 'மரியாதை' செயல்திட்டத்தின் கீழ் இங்கிலாந்து முழுவதும் இதே மாதிரியில் 53 குடும்பத் தலையீட்டுத் திட்டங்கள் வந்தன. ஆனால் டண்டீயில் நடுநாயகமாக இருந்த பொறுமை இங்கே பாதியானது. ஒத்துழைக்காவிட்டால் வீடு போகும் என்ற எச்சரிக்கை முன்னால் வந்து நின்றது. மிரட்டலோடு வருவது உதவியாகுமா என்று சமூகப் பணியாளர்கள் கேட்டார்கள். குடும்பங்களிடம் பேசிய ஆய்வாளர்களுக்கு வேறு விடை கிடைத்தது. ஒரே பணியாளர் மாதக்கணக்கில் விடாமல் வந்தார் என்பதைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள், மிரட்டலை அல்ல.

2011 ஆகஸ்டில் லண்டனில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய கலவரத்தின் பிறகு, டேவிட் கேமரன் அரசு இதையே பெரிதாக்கித் 'தொல்லையுற்ற குடும்பங்கள்' திட்டத்தை 2012-இல் தொடங்கியது. 1,20,000 குடும்பங்கள், 44.8 கோடி பவுண்டு, ஒரு குடும்பம் திருந்தினால் நகராட்சிக்கு 4,000 பவுண்டு வரை என்று கணக்கு. அந்த 1,20,000 எங்கிருந்து வந்தது என்பதைச் சமூகவியலாளர் ரூத் லெவிடாஸ் தோண்டி எடுத்தார். முந்தைய அரசின் ஒரு கணக்கெடுப்பில் வேலையின்மை, தாயின் மனநோய், குறைந்த வருமானம், நெரிசலான வீடு போன்ற ஏழு குறைகளில் ஐந்து உள்ள குடும்பங்களின் மதிப்பீட்டு எண்ணிக்கை அது. குற்றமோ தெருச்சண்டையோ அந்த ஏழில் ஒன்றாகக்கூட இல்லை. தொல்லைப்படும் குடும்பங்கள் ஒரே எழுத்தாணி வீச்சில் தொல்லை கொடுக்கும் குடும்பங்கள் ஆக்கப்பட்டன.

2015-இல் 99 விழுக்காடு குடும்பங்கள் திருந்திவிட்டன என்று அரசு அறிவித்தது. ஊர் நிர்வாகத்தில் பழகிய எவருக்கும் 99 என்ற எண்ணே சந்தேகத்தைத் தந்திருக்கும். 2016 அக்டோபரில் வெளிவந்த சுயேச்சை மதிப்பீடு, திட்டத்தில் சேர்ந்த குடும்பங்களை ஒத்த, ஆனால் சேராத குடும்பங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, திட்டத்தால் குறிப்பிடத்தக்க விளைவு நேர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2015-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தை 2019-இல் மதிப்பிட்டபோது, ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் அரசுப் பராமரிப்புக்குப் போன பிள்ளைகளின் பங்கு ஒப்பீட்டுக் குழுவில் 2.5 விழுக்காடு, திட்டத்தில் 1.7. சிறுவர் சிறைத்தண்டனை 38 விழுக்காடு குறைந்திருந்தது. முதல் கட்டம் முற்றிலும் வீண் என்பதும், இரண்டாம் கட்டம் பெருவெற்றி என்பதும் இரண்டுமே மிகை. நீண்ட கால உதவி மெல்லவே பலன் தரும், அதுவும் உண்மையிலேயே தடுமாறும் குடும்பங்களில்தான் கண்ணுக்குத் தெரியும்.

உதவி என்றால் தீங்கில்லாதது என்ற நம்பிக்கைக்கும் ஒரு பழைய மறுப்பு இருக்கிறது. 1939-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ், சோமர்வில் ஊர்களில் 506 சிறுவர்கள் ஜோடி ஜோடியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு ஐந்தாண்டு வரை ஆலோசகர் வீட்டுக்கு வந்தார், பாடம் சொல்லித் தந்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். மறுபாதிக்கு ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பேர் அது தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள். பதிவேடுகள் வேறு விதமாகச் சொன்னன: மீண்டும் குற்றம் செய்தவர், குடிநோயாளி, இளவயதில் இறந்தவர் எல்லாரும் உதவி பெற்றவர்களிடையே அதிகம். 1978-இல் வெளியான இந்த முடிவுக்குப் பின்னாளில் தரப்பட்ட விளக்கங்களில் வலுவானது, தீங்கு கோடை முகாமுக்கு மீண்டும் மீண்டும் போனவர்களிடம் குவிந்திருந்தது என்பது. வம்புக்காரப் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்தால் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் 2018-இல் வெளியான சோதனை ஒன்றும் இதே வகையில் எச்சரிக்கிறது. அமெரிக்காவில் புகழ்பெற்ற பன்முகக் குடும்பச் சிகிச்சையை 684 குடும்பங்களில் முயன்றபோது, அது வழக்கமான சமூக சேவையைவிட மேலாக இல்லை. வழக்கமான சேவையே ஓரளவு நன்றாக இருக்கும் நாட்டில் விலை உயர்ந்த மருந்துக்கு வேலை குறைவு என்று அதை வாசிக்கலாம்.

ஸ்காட்லாந்தின் தனிவழி

கில்பிராண்டன் பிரபுவின் குழு 1964-இல், குற்றம் செய்து நீதிமன்றம் வரும் பிள்ளைக்கும் கவனிப்பாரின்றிக் காப்பகம் வரும் பிள்ளைக்கும் தேவைகள் ஏறக்குறைய ஒன்றே என்று கண்டது. அதன் பயனாக 1971 முதல் ஸ்காட்லாந்தின் பெரும்பாலான சிறுவர் வழக்குகள் நீதிமன்றத்தை விட்டு, பயிற்சி பெற்ற மூன்று பொதுமக்கள் அமரும் 'சிறுவர் கேட்பு' அவைக்குப் போகின்றன. பெற்றோர் உடனிருப்பார்கள். என்ன செய்தாய் என்பதைவிட உனக்கு என்ன வேண்டும் என்பதே அங்கே பேச்சு. ஆஸ்போ 2004-இல் ஸ்காட்லாந்தின் சிறுவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டபோது, கைவிரல் விட்டு எண்ணும் அளவிலேயே அது பயன்பட்டது.

இவ்வளவு மென்மையான அமைப்புக்கும் ஒரு நிழல் உண்டு. 1998-இல் எடின்பரோவில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த ஏறத்தாழ 4,300 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த லெஸ்லி மெக்காராவும் சூசன் மெக்வீயும், ஒரே அளவு வம்பு செய்தவர்களில் கேட்பு அவைக்கு அழைக்கப்பட்டவர்களே பின்னர் அதிகம் தொடர்ந்தார்கள் என்று 2007-இல் காட்டினார்கள். ஒருமுறை பெயர் ஏறியவனையே காவலர் திரும்பத் திரும்பத் தேடி வந்தார்கள். பெயர் ஏட்டில் ஏறுவதுதான் சூடு. ஏடு காவல் நிலையத்தில் இருந்தாலும் நல அலுவலகத்தில் இருந்தாலும் அது சுடும்.

கிளாஸ்கோவின் கத்திக்குத்துக் கும்பல்களிடம் நடந்த முயற்சி இரண்டு தரப்பையும் ஒரே அறையில் வைத்தது. 2005-இல் காவல்துறையே உருவாக்கிய வன்முறைக் குறைப்புப் பிரிவு, பாஸ்டன் நகரத்தின் 1990-களின் முன்மாதிரியைப் பின்பற்றி, 2008 முதல் கும்பல் இளைஞர்களை நீதிமன்ற அறைக்கு அழைத்தது. வழக்குக்காக அல்ல. முதலில் காவல் அதிகாரி எழுந்து, இனி உங்களில் ஒருவன் கத்தியைத் தொட்டால் கும்பல் முழுவதையும் தேடி வருவோம் என்றார். பிறகு முகம் கிழிந்தவர்களைத் தைக்கும் அறுவை மருத்துவர், மகனை இழந்த தாய். கடைசியில் ஒரு தொலைபேசி எண்: வேலையோ பயிற்சியோ தங்குமிடமோ வேண்டுமா, கூப்பிடு. சேர்ந்தவர்களிடம் ஆயுதம் தரித்துத் திரிவது ஒப்பீட்டுக் குழுவைவிட வெகுவாகக் குறைந்தது. ஸ்காட்லாந்தின் கொலைகள் 2004-05-இல் 137. பத்தாண்டு கழித்து அறுபதை ஒட்டி. அந்தக் குறைவுக்கு இந்தத் திட்டமே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஐரோப்பா முழுவதுமே வன்முறை குறைந்துகொண்டிருந்த காலம் அது.

இன்றைய நிலை

ஆஸ்போவை நீக்கி 2014-இல் வந்த சட்டம் நிரூபண அளவைத் தளர்த்தியது, ஆனால் மீறலைத் தனிக் குற்றமாக வைக்காமல் நீதிமன்ற அவமதிப்பாக மாற்றியது. செய்யாதே என்பதோடு, போதை மீட்பு வகுப்புக்குப் போ என்பதுபோல் 'செய்' என்ற கட்டளையையும் ஆணையில் எழுத இடம் தந்தது. அதே சட்டம் நகராட்சிகளுக்கு ஒரு பகுதி முழுவதற்கும் தடைவிதிக்கும் அதிகாரம் தந்தது. சில நகரங்கள் அதை நடைபாதையில் உறங்குவோர் மேல் பிரயோகித்தன.

இவற்றுக்கிடையே பெரிய மாற்றம் ஒன்று ஆரவாரமின்றி நடந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் குற்றங்களுக்கு முடிவு காட்ட வேண்டும் என்று காவல்துறைக்கு வைத்திருந்த இலக்கை 2008-இல் கைவிட்டதும், எளிதில் பிடிபடும் பள்ளிப் பிள்ளைகளை வழக்கில் சேர்ப்பது நின்றது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறுவர் காவலில் 2007-08-இல் சராசரியாக ஏறத்தாழ 2,900 பேர். 2022-23-இல் ஏறத்தாழ 440. மக்களிடம் நேரடியாகக் கேட்டு எடுக்கும் குற்றக் கணக்கெடுப்பின் மொத்தம் இந்த ஆண்டுகளில் ஏறவில்லை, இறங்கியே வந்தது. கத்திக் குற்றம் மட்டும் 2014-க்குப் பின் சில ஆண்டுகள் கூடியது.

2024 நவம்பரில் தொழிற்கட்சி அரசு 'மரியாதை ஆணை' என்ற புதிய பெயரை அறிவித்தது. 2025 பிப்ரவரியில் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமானது. மீறினால் குற்றம், இரண்டாண்டு வரை சிறை. குடிக்கோ கோபத்துக்கோ சிகிச்சை பெறும்படி கட்டளையிடவும் இடமுண்டு. ஆணையை எழுதுவது நீதிமன்றம். அந்தச் சிகிச்சைக்கு இடம் ஒதுக்க வேண்டியது பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்பு. 2010-க்குப் பின் உள்ளாட்சிகளின் நிதி வெட்டப்பட்டபோது, இளையோர் மன்றங்களோடு முதலில் சுருங்கிய இனங்களில் போதை மீட்புச் சேவையும் ஒன்று.